குளிர்காலம் முடிந்ததும் ஃபீடருக்கு அடியில் சேர்ந்த மிச்சத் தீனியைச் சுத்தம் செய்வது எப்படி?

குளிர்காலம் முழுக்கப் பறவைகளுக்குத் தீனி வைத்தவர்களுக்குப் பனி உருகியதும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஃபீடருக்கு, அதாவது தீனி போட்டுத் தொங்கவிடும் கலத்துக்கு, கீழே குனிந்து பாருங்கள். சூரியகாந்தி விதைத் தோல், குருவிகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட கோதுமை, சோளம், பாதி கொத்திய வேர்க்கடலை, எச்சம் எல்லாம் சேர்ந்து பாய் விரித்தது மாதிரிக் கிடக்கும். முதல் வருடம் தீனி வைக்கிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும், பசித்தால் அதுகளே பொறுக்கித் தின்றுவிடும்" என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சிறு கொத்துக்கரண்டியை அந்தப் பாய்க்கு அடியில் செருகி மெதுவாகத் தூக்கினால் விஷயம் புரிந்துவிடும். மேலே இருப்பது காய்ந்த தோல், பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். அதற்குக் கீழே ஒரு விரற்கடை ஆழத்தில் எல்லாம் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிண்ணாக்கு மாதிரி கட்டியாகி இருக்கும். அதை உடைத்தால் உள்ளே வெள்ளை நூலாகப் பூஞ்சணம் ஓடியிருக்கும். வெளிச்சம் படாமல் முளைத்த விதைகள் வெளிறிய மஞ்சள் தண்டோடு சுருண்டு கிடக்கும். புளித்த, முடை வாடை ஒன்று வரும். குருவிகள் வந்து கிளறுவது இந்த இடத்தைத்தான். தவிட்டுப்புறா மாதிரி தரையில் மேய்கிற பறவைகளுக்கு இதுதான் சாப்பாட்டுத் தட்டு.

கடுங்குளிர் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. ஒரு நாள் சிந்தியதை அடுத்த பனி மூடிவிடும். அதன்மேல் இன்னொரு நாள் தீனி, அதன்மேல் இன்னொரு பனி. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது மாதிரி அடுக்கடுக்காகக் கெடாமல் இருக்கும். பனி உருகும்போது மூன்று நான்கு மாத மிச்சமும் ஒரே வாரத்தில் ஒரே அடுக்காகத் தரையில் இறங்கி, ஈரமும் இளஞ்சூடும் பட்டு, எல்லாம் ஒன்றாக அழுக ஆரம்பிக்கும். அதனால்தான் இந்த வேலையைப் பனி போன முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும் என்கிறேன். பனியே விழாத இடமானாலும் கணக்கு இதேதான். குளிர்கால ஈரமும் அதற்குப் பின் வரும் வெயிலும் சேர்ந்தால் போதும்.

ஏன் இவ்வளவு அக்கறை

வெறும் அழகுக்காக என்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். பறவைகள் கூட்டமாக ஒரே இடத்தில் தின்னும்போது நோய் பரவ இந்தத் தரைதான் வழி.

ட்ரைக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிரி பறவையின் தொண்டையில் வளரும். தொண்டை வீங்கியதும் குருவியால் தீனியை விழுங்க முடியாது. எச்சிலோடு கீழே துப்பிவிடும். அதை அடுத்த குருவி பொறுக்கும். வழக்கமாகப் புறாக்களிடம் காணப்பட்டு வந்த இந்த நோய் 2005-இல் பிரிட்டனில் சிறு குருவிகளிடையே தெரிய வந்தது. அங்கே தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்பட்ட கிரீன்ஃபிஞ்ச் என்ற சிறு குருவி அதற்குப் பிறகு மளமளவென்று குறைந்து, 2021-இல் அந்நாட்டில் மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. இந்த நுண்ணுயிரிக்கு ஒரு பலவீனம் உண்டு: ஈரம் இல்லாவிட்டால் பிழைக்காது. நன்றாகக் காய்ந்த இடத்தில் செத்துவிடும். கீழே நான் திரும்பத் திரும்பக் "காயவிடுங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சால்மொனெல்லா என்ற பாக்டீரியா எச்சம் வழியாகத் தீனியில் கலக்கும். 2021-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல மாநிலங்களில் சிறு குருவிகளிடம் இது பரவி, மனிதர்களுக்கும் தொற்றியது. ஃபீடர்களைக் கொஞ்ச நாள் இறக்கி வைக்கச் சொல்லி அப்போது மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆக, இது நம் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

பூஞ்சணம் பிடித்த கடலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் விட்ட நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. வெயிலில் காயவைத்தாலோ வறுத்தாலோ இந்த நஞ்சு முழுசாகப் போகாது. "மேலே கொஞ்சம் பச்சையாக இருக்கிறது, தட்டிவிட்டுப் போட்டால் போச்சு" என்ற எண்ணம் கடலை விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு முன்னால்

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ரப்பர் கையுறை, முகக்கவசம், பல்வாரி (ரேக்), கொத்துக்கரண்டி, கெட்டியான இரண்டு பைகள், தண்ணீர் தெளிக்க ஒரு பூவாளி, இரண்டு வாளி, குழாய் ஃபீடரின் உள்ளே போகிற மாதிரி நீண்ட கழுத்துள்ள ஒரு பிரஷ். அந்த பிரஷை இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று அடிக்காத நாளாகப் பாருங்கள். தரை சொதசொதவென்று இருக்கும்போது வாரினால் மண்ணும் சேர்ந்து வரும். புழுதி பறக்கிற அளவு காய்ந்திருந்தாலும் ஆபத்து. லேசான ஈரம்தான் சரி. நாய் இருந்தால் வீட்டுக்குள் கட்டிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த தீனியைத் தின்றால் நாய்க்கு வலிப்பு வரை போகலாம். சில தீனிக் கலவைகளில் உலர்ந்த திராட்சை இருக்கும், அதுவும் நாய்களுக்கு நஞ்சு.

ஃபீடருக்குப் பக்கத்தில் இருக்கும் புதர்களையும் வேலியையும் ஐந்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். வாயில் குச்சியோ பாசியோ வைத்துக்கொண்டு ஒரே புதருக்குள் போய் வருகிற குருவி தென்பட்டால் அங்கே கூடு கட்டுகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். ஓரமாகக் குவிந்திருக்கும் இலைச்சருகையும் கலைக்க வேண்டாம். குளிரில் ஒடுங்கிய தவளையோ முள்ளெலியோ இன்னும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

முதலில் ஃபீடர்களை இறக்குங்கள்

கீழே கூட்டிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து சிந்தினால் வேலை முடியாது. எல்லா ஃபீடர்களையும் கழற்றி, உள்ளே மிச்சமிருப்பதைக் குப்பைப் பைக்குள் கொட்டுங்கள். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். குளிர்காலம் முழுக்கக் குழாயின் அடியில் கிடந்த விதை மேலே நல்ல விதை போலவே இருக்கும். கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், மாவாக உதிரும். வலைப் பைக்குள் வருகிற கொழுப்பு உருண்டைகள் இருந்தால் அந்த வலையையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்கள். குருவியின் கால் அதில் சிக்கிக்கொள்ளும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தரைதான் பெரிய வேலை

பெரும்பாலானவர்கள் ஃபீடரைப் பளபளவென்று கழுவிவிட்டுத் தரையை விட்டுவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் தரையைச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தரையில் ஈரம் தங்குகிறது, எச்சம் தங்குகிறது, எலியும் அங்கேதான் வருகிறது.

பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பூஞ்சண வித்துகளும் எச்சத்தூளும் பறந்து மூச்சில் போகாமல் இருக்கத்தான் இது. ஒருபோதும் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இலை ஊதும் இயந்திரத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

இரண்டு நிமிடம் ஊறியதும் பல்வாரியால் வெளியிலிருந்து நடுவை நோக்கி இழுங்கள். ஃபீடருக்கு நேர் கீழே மட்டும் வாரினால் போதாது. குருவிகள் தலையை உதறித் தள்ளுகிற விதை வெகுதூரம் போகும். ஃபீடரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மீட்டராவது வாருங்கள். கட்டியாக ஒட்டியிருப்பதைக் கொத்துக்கரண்டியால் ரொட்டியைத் தட்டிலிருந்து பெயர்ப்பது போல அடியிலிருந்து பெயர்த்து எடுங்கள். அதற்குக் கீழே மண் கறுத்து வழவழவென்று நாற்றமடித்தால் அந்த மேல்மண்ணையும் இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துவிடலாம். மண் வழக்கமான மண் வாசனையோடு இருந்தால் அப்படியே விடுங்கள்.

புல்தரையாக இருந்தால் பல்வாரியை மென்மையாக, இரண்டு திசையில் மாற்றி மாற்றி இழுங்கள். நடுவில் புல் செத்து வட்டமாக வழுக்கை விழுந்திருக்கும். சூரியகாந்தித் தோலிலிருந்து கசியும் சில பொருள்கள் மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும், வெளிச்சம் படாமல் மூடிக் கிடந்ததும் ஒரு காரணம். தோலை எடுத்துவிட்டு மண்ணைக் கிளறி, சில வாரம் மழையில் நனைந்து கழுவப்பட விட்ட பிறகு புல் விதைத்தால் வரும். உடனே விதைத்தால் வீண்.

கல் பாவிய தரையா? வேலை சுலபம். வாரிவிட்டுச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினால் சரி. மண்ணில் மட்டும் பிளீச் ஊற்றாதீர்கள். மண்ணிலுள்ள மக்கு பிளீச்சின் சக்தியை உடனே தின்றுவிடும். நோய்க்கிருமி போவதற்கு முன்னால் மண்புழு போய்விடும்.

எலிப் புழுக்கை கண்ணில் பட்டால்

அரிசி மணி அளவில், இரண்டு முனையும் கூர்ந்து கறுப்பாக இருந்தால் சுண்டெலி. காப்பிக் கொட்டை அளவுக்கு நீண்டு தடித்திருந்தால் பெரிய எலி. எதுவானாலும் கிருமிநாசினித் தண்ணீரை நன்றாகத் தெளித்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய தாளால் வாரி எடுத்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். கையுறையோடு, முகக்கவசத்தோடு.

எலி விஷம் வைக்க நினைக்காதீர்கள். விஷம் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளியே வரும், அதை ஆந்தையோ பருந்தோ தூக்கிப் போகும். பறவைகளுக்காகத் தொடங்கிய காரியம் பறவையைக் கொல்வதில் போய் முடியும். சாப்பாடு இல்லையென்றால் எலி வேறு இடம் பார்த்துப் போகும். இரண்டு வாரம் தரையில் ஒரு மணி விதை இல்லாமல் வைத்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

வாரியதை எங்கே போடுவது

பூஞ்சணம், எச்சம், புழுக்கை கலந்தது எல்லாம் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பைக்குப் போகட்டும். பையின் வாயை இறுக்கிக் கட்டுங்கள். மேலே கிடந்த காய்ந்த தோல் மட்டும் சுத்தமாக இருந்தால் கம்போஸ்டில், அதாவது மக்கு உரக் குவியலில், சேர்க்கலாம். ஆனால் கம்போஸ்ட் குவியல் நடுவில் கை வைக்க முடியாத அளவு சூடாகிறதா என்று பாருங்கள். ஆறிப்போன குவியலில் போட்டால் விதை அங்கேயே முளைக்கும், எலியும் அங்கே குடியேறும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் குப்பைக்கே அனுப்புங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், மனம் நிம்மதியாக இருக்கிறது.

இனி ஃபீடரும் தண்ணீர்த் தட்டும்

சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். வெளியே வாளி வைத்துக் கழுவுங்கள். ஃபீடரைக் கழற்ற முடிகிற வரை கழற்றிவிட்டு, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேய்த்து, ஒட்டியிருக்கும் அழுக்கு முழுக்கப் போன பிறகுதான் பிளீச். இந்த வரிசை முக்கியம். அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும்.

ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர். அதில் பத்து நிமிடம் முழுசாக மூழ்கி இருக்கட்டும். பிளீச்சோடு வினிகரோ அம்மோனியா உள்ள வேறு சுத்திகரிப்பு திரவமோ சேரக்கூடாது. மூச்சை அடைக்கிற விஷவாயு வரும். ஊறியதும் வாசனை போகிற வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் காயவையுங்கள். குழாய் ஃபீடரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஈரம் நிற்கும். ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால்தான் அது போகும். ஈரத்தோடு தீனி நிரப்பினால் முதல் கைப்பிடியிலேயே பூஞ்சணம் தொடங்கிவிடும். மரத்தால் செய்த ஃபீடரின் உள்ளே பிளீச் சரியாக இறங்காது. நன்றாகச் சுரண்டித் தேய்த்து வெயிலில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் காயவிடுங்கள். மரம் வெடித்து, பிளவில் கறுப்பு ஏறியிருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது.

தண்ணீர்த் தட்டையும் இதே மாதிரி. கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செருப்பின் அடியையும் கழுவுங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

மூட்டையில் மிச்சமிருக்கும் தீனி

கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள். மோந்து பாருங்கள். நல்ல சூரியகாந்தி விதையில் லேசான எண்ணெய் மணம் இருக்கும். கெட்டதில் சிக்கு வாடை வரும். கட்டியாக ஒட்டியிருந்தாலோ, விரலில் பச்சைத் தூள் படிந்தாலோ மூட்டையோடு தூக்கிப் போடுங்கள். நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் அந்துப்பூச்சி, விதையில் பொட்டு ஓட்டை தெரிந்தால் வண்டு. பூச்சி மட்டும்தான், பூஞ்சணம் இல்லை என்றால் பதற வேண்டாம். நாலைந்து நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம், குருவிகள் பூச்சியையும் சேர்த்தே தின்னும். மூடியுள்ள தகர டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தீனியின்மேல் புதிய தீனியைக் கொட்டாதீர்கள்.

முளைத்தவற்றை என்ன செய்வது

வாரிய இடத்தில் பத்து நாளில் பச்சை தலை நீட்டும். கோதுமை புல் மாதிரி வரும். சூரியகாந்தி இரண்டு தடித்த இலையோடு வரும். ஒன்றிரண்டு சூரியகாந்தியை விட்டுவைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கேரட் இலை மாதிரி வெட்டுப்பட்ட இலையோடு வருகிற செடியைக் கவனியுங்கள். ராக்வீட் என்ற களையாக இருக்கலாம். அதன் மகரந்தம் கடுமையான ஒவ்வாமையைத் தரும். பறவைத் தீனி வழியாக இது பரவியதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் தீனியில் அதன் விதை கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. பூ விடும் முன்னால், கையுறையோடு, வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

செத்த பறவையோ நோயுற்ற பறவையோ இருந்தால்

ஆரோக்கியமான குருவி ஆள் பக்கத்தில் போனதும் பறந்துவிடும். நோயுற்றது இறகைச் சிலிர்த்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். அலகைச் சுற்றி ஈரமாக, தீனி ஒட்டியிருக்கும். வாயைத் திறந்து திறந்து மூடும், விழுங்காது. நீங்கள் இரண்டடி தூரத்துக்குப் போனாலும் நகராது. அப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றே எல்லா ஃபீடரையும் இறக்கி, தண்ணீர்த் தட்டையும் காலி செய்துவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் எதுவும் வைக்காதீர்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கூட்டம் கலைந்தால்தான் நோயும் கலையும். செத்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, வாத்து, பருந்து மாதிரி பெரிய பறவை என்றாலோ உங்கள் பகுதி வனவிலங்கு அல்லது கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு உண்டு.

மறுபடி வைப்பதென்றால்

நோய் எதுவும் இல்லையென்றால் தீனியை ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் செடிகொடிகளில் இருந்த பழைய விதை தீர்ந்திருக்கும், புழுப்பூச்சி இன்னும் வந்திருக்காது. அப்போது கொஞ்சம் கொடுப்பது உதவிதான். ஆனால் அளவு மாற வேண்டும். சாயங்காலம் பார்க்கும்போது தட்டு காலியாக இருக்கிற அளவுக்கு மட்டும் காலையில் வையுங்கள். கொழுப்புக் கட்டியை வெயில் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். உருகி இறகில் படிந்தால் இறகு தண்ணீரைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடும். முழுக் கடலையைக் குஞ்சுகளுக்கு ஊட்டினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதனால் கம்பிவலை ஃபீடரில் மட்டும், துணுக்குத் துணுக்காகக் கொத்தி எடுக்கிற மாதிரி வையுங்கள்.

ஃபீடரைப் பழைய இடத்திலேயே மாட்டாமல் சில மீட்டர் தள்ளி மாட்டுங்கள். பழைய தரை வெயில் பட்டுக் காயட்டும். கோதுமையும் சோளமும் நிறைந்த மலிவுக் கலவையைவிட, தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு கொஞ்சமாக வைப்பது நல்லது. உங்கள் தோட்டத்துக் குருவிகள் எதைத் தள்ளிவிடுகின்றன என்பது வாரிய குவியலிலேயே தெரிந்திருக்கும். அதை அடுத்த முறை வாங்காமல் விட்டாலே பாதி வேலை குறையும்.

முதல் மூன்று நாள் ஃபீடருக்கு அடியில் ஒரு பழைய தட்டை வைத்துவிட்டு, சாயங்காலம் அதில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிடிக்கு மேல் இருந்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.